டேப்பின் முதல் மீட்டர்

சிதம்பரம்
9.1.2025

ருக்கையாவுக்கு,

இத்துடன் நாற்பத்தைந்து படிவங்கள் அனுப்பியிருக்கிறேன். போன ஜனவரியில் உன் பள்ளியில் ஆறாவது, ஏழாவதில் சோதித்த அதே நாற்பத்தொரு பிள்ளைகளை இந்த வருடமும் சோதிக்க வேண்டும். இப்போது ஏழிலும் எட்டிலும் இருப்பார்கள். நான்கு படிவம் கூடுதல். தேநீர் கொட்டினால் உதவும்.

போன முறை என் மாணவிகள் வந்து நடத்தினார்கள். இந்த முறை மாவட்டத்தில் முப்பது பள்ளிகள் இருப்பதால் அந்தந்த உடற்கல்வி ஆசிரியரே நடத்தட்டும் என்று துறையில் முடிவாகிவிட்டது. சோதனைகள் மூன்றுதான். 600 மீட்டர் ஓட்டம். கால் நீட்டி உட்கார்ந்து, முட்டி மடங்காமல் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பது. அதற்கான பெட்டியைத் தனியாக பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மூன்றாவது ஒற்றைக்கால் நிலை, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மறுகால் ஊன்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். எல்லாவற்றிலும் மையில் கையெழுத்து வேண்டும். அதனால்தான் தபால்.

ஆகஸ்டிலிருந்து என் போனை நீ எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்தேன். அதற்கு மேல் அடிப்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கருத்தரங்கில் நான் சொன்னது நகைச்சுவைக்காக. நீ அரங்கில் இருந்தது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி பத்துக்குள் படிவங்கள் வந்தால் நல்லது.

இளவரசி

கடலூர்
18.1.2025

இளவரசிக்கு,

படிவங்கள் வந்தன. பெட்டியும் வந்தது. கண்டக்டர் அதன்மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார், ஆனாலும் உடையவில்லை.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ மேடையில் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "கடலூர்ல எங்க தோழி ஒருத்தங்க, பசங்கள காத்துல பறக்கிற பாலித்தீன் பை மாதிரி அசையச் சொல்றாங்க. அதுக்கு எத்தனை மார்க் போடறதுன்னு யாராச்சும் சொல்லுங்க." இருநூறு பேர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த அம்மாவும் சிரித்துவிட்டு, "யாருங்க அது, பாவம்" என்று என்னையே கேட்டார். தெரியாது என்றேன்.

நான் அங்கே இருந்தது தெரியாது என்கிறாய். இல்லாவிட்டால் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

இனி வேலை விஷயம். இந்த வருடம் எனக்கு அந்தச் சோதனை வெறும் படிவம் இல்லை. வாரத்தில் இரண்டு பீரியட் டிரில் கிடையாது, விசில் கிடையாது, வரிசை கிடையாது என்று ஜூனில் ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், நீதானே அதை மேடையேற்றினாய். தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, "இத எத்தனை விதமாத் தாண்டலாம்?" என்று கேட்பேன். முதல் வாரம் எல்லாரும் குதித்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவன், "டீச்சர், தாண்டாமலே அந்தப் பக்கம் போவலாமா?" என்றான். எப்படி என்றேன். கயிற்றை இரண்டு பேரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி மல்லாந்து தவழ்ந்து போனான். அன்று தலைமையாசிரியர் சாமிக்கண்ணு சார் மாடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பசங்க என்னா பாம்பாட்டம் ஊர்றானுவ?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே வாக்கியத்தில் முடித்தார். "சிதம்பரத்துலேர்ந்து டெஸ்ட்டு வருதுல்ல? போன வருசத்துக்கு இந்த வருசம் அறநூறு மீட்டர்ல பத்து செகண்ட் கொறச்சிக் காட்டுங்க, ரெண்டு பீரியடும் ஒங்களுக்கே. இல்லாட்டி கணக்குக்குப் போவுது."

ஆகவே எனக்குப் பத்து விநாடி வேண்டும்.

டிசம்பர் வெள்ளத்தில் கிரவுண்டில் உன் மாணவிகள் போட்ட சுண்ணாம்புக் கோடு போய்விட்டது. திரும்ப அளந்து போட வேண்டும். செம்மங்குப்பம் ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஒரு வாடை வரும், அந்த நாளில் ஓடவிட மாட்டேன். அதனால் ஓரிரு நாள் முன்பின் ஆகும்.

ருக்கையா

சிதம்பரம்
25.1.2025

ருக்கையாவுக்கு,

பத்து விநாடி என்பது அவர் எங்கிருந்தோ பிடித்த எண். ஆனால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நாங்கள் போடும் அட்டவணைகளிலும் பல எண்கள் அப்படி வந்தவைதான்.

இந்தச் சோதனைகள் எங்கிருந்து வந்தன என்பதை முதுகலை வகுப்பில் வருடா வருடம் சொல்கிறேன். முதலில் அது முதுகுவலிக்காரர்களுக்கு ஒரு மருத்துவமனையில் வைத்த ஆறு சின்னப் பயிற்சிகள். முடிகிறதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. பிறகு அதையே அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் தேறவில்லை. ஐரோப்பியப் பிள்ளைகள் தேறினார்கள். அரசாங்கம் பயந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் ஓடவும் தொங்கவும் தாண்டவும் பள்ளிக்குப் பள்ளி அட்டவணை வந்தது. ஒரு நோயாளியிடம் கேட்ட கேள்வியை எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கிறோம் என்று சொல்லி முடிப்பேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். நானும் மறுநாள் ஸ்டாப்வாட்ச்சோடு மைதானத்துக்குப் போவேன்.

உன் பாலித்தீன் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் வந்ததே, "இயக்கக் கல்வியின் தோற்றத்தை விவரி", பதினைந்து மதிப்பெண். ஜெர்மனியில் நடனம் சொல்லிக்கொடுத்த ஒருவர் இங்கிலாந்துக்கு அடைக்கலம் போனது, போர்க்காலத்தில் ஆலைகளில் பெண்கள் எப்படிக் குனிகிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது, அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியைகள் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனது, கட்டளைக்குப் பதில் கேள்வி வந்தது. நான் ஐந்து பக்கம் எழுதினேன். பதினான்கு போட்டார்கள். நீ அந்தக் கேள்வியை விட்டுவிட்டாய். விடுதியில் கேட்டதற்கு, "எனக்குப் புரியல இளா, புரியாதத எப்படி எழுதறது" என்றாய்.

இருபத்திரண்டு வருடம் கழித்து நீ அதைச் செய்கிறாய், நான் அதை வைத்துச் சிரிக்க வைக்கிறேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வாயா என்று தெரியவில்லை. குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வரும்போது யோசித்தது, எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும். சோதனைக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்யாதே. தினமும் 600 ஓடவிட்டால் நேரம் குறையும். அது உன் வகுப்பின் பலன் ஆகாது.

இளவரசி

கடலூர்
6.2.2025

இளா,

படிவங்கள் இத்துடன் உள்ளன. நாற்பத்தொன்றும் இருக்கிறது. எதிலும் தேநீர் இல்லை.

ஒரு நாள்கூட 600 ஓடவிடவில்லை. அல்லாஹ் சாட்சி. நேற்றுக் காலை ஏழரை மணிக்கு ஆரம்பித்தோம். போன வருடச் சராசரி மூன்று நிமிடம் இரண்டு விநாடி. இந்த வருடம் இரண்டு நிமிடம் நாற்பத்தொன்பது. பதின்மூன்று விநாடி குறைவு. நான் மூன்று முறை கூட்டினேன். ஸ்ரீதர் சார், எங்கள் கணக்கு ஆசிரியர், அவரும் கூட்டினார். நான் தோற்றால் என் பீரியட் அவருக்குத்தான் போகும். இருந்தும் அவர்தான் முந்தின நாள் என்னோடு வெயிலில் நின்று, நம் கல்லூரிக் காலத்துப் பழைய டேப்பை வைத்து இருநூறு மீட்டர் சுற்றை அளந்துகொடுத்தார். மூன்று சுற்று, அறுநூறு.

ஒற்றைக்காலில் போன வருடம் சராசரி பதினோரு முறை ஊன்றினார்கள். இப்போது நாலு. அதைச் சொன்னதும் தலைமையாசிரியர், "ஒத்தக்கால்ல நின்னா கொக்குக்கு மீனு கெடைக்கும், ஒங்களுக்கு என்னா கெடைக்கும்?" என்றார். பதின்மூன்று விநாடியைச் சொன்னதும் எழுந்து கை கொடுத்தார். இன்று காலை பிரேயரில் அறிவித்துவிட்டார். இரண்டு பீரியடும் எனக்குத்தான்.

ஸ்ரீமதி என்று ஏழாவதில் ஒரு பெண். அம்மா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாக்கிங் வேலை. போன வாரம், "வீட்டுல யாராவது செய்யற அசைவ இங்க செஞ்சு காட்டுங்க" என்றேன். அவள் இல்லாத ஒரு மூட்டையைத் தூக்கினாள். முதலில் முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, இடுப்பில் சாத்தி, பிறகு தோளுக்கு. இறக்கி வைத்துவிட்டு ஒரு கையை இடுப்பில் வைத்து ஒரு நிமிடம் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. நீ எழுதிய ஐந்து பக்கம் இதுதானா?

உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் இதை முதலில் உன்னிடம் சொல்லத்தான் தோன்றியது.

ருக்கு

சிதம்பரம்
11.2.2025

ருக்கு,

ஒரே ஒரு கேள்வி. அளக்கும்போது டேப்பின் வளையத்தைப் பிடித்திருந்தது யார்?

இளா

சிதம்பரம்
22.2.2025

ருக்கு,

பதில் வரவில்லை. அதுவே பதில் என்று வைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் முழுதாக எழுதிவிடுகிறேன், எனக்குள் வைத்துக்கொண்டு சுற்ற முடியவில்லை.

அந்த டேப்பை உடைத்தது நான். கல்லூரி விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டபோது வளையத்தை ஆணியில் மாட்டி இழுத்தேன், முதல் ஒரு மீட்டர் அறுந்துகொண்டு வந்துவிட்டது. ஒன்று என்று போட்டிருந்த இடத்தில் வளையத்தைத் திரும்பக் கட்டினோம். துறைக்குத் தெரியாமல் இரண்டு வருடம் அதை வைத்தே அளந்தோம். நான் வளையப் பக்கம், நீ சுருள் பக்கம். நீ முப்பது என்று கத்துவாய். நான் "ஒண்ணு கழி!" என்று கத்துவேன். நீ இருபத்தொன்பது என்று எழுதுவாய். ஒரு நாள்கூட நான் கத்தாமல் நீ எழுதியதில்லை, நீ எழுதினாயா என்று நான் பார்த்ததுமில்லை.

ஸ்ரீதர் சார் வளையத்தைப் பிடித்திருந்தால் அவர் எதற்குக் கத்தப் போகிறார்.

இருநூறு மீட்டருக்கு ஏழு இழுப்பு. இழுப்புக்கு ஒரு மீட்டர். உன் சுற்று நூற்றுத் தொண்ணூற்று மூன்று. பிள்ளைகள் ஓடியது அறுநூறு இல்லை, ஐந்நூற்று எழுபத்தொன்பது. அவர்கள் வேகத்தில் அந்த இருபத்தொரு மீட்டர் ஆறு விநாடிக்கு மேல். மிச்சம் ஏழுகூட வராது. அதிலும் நாலு விநாடி ஒரு வயது கூடியதாலேயே குறையும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் பள்ளியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறேன். முப்பதில் ஒன்று போனால் யாரும் கேட்கமாட்டார்கள். உன் தலைமையாசிரியருக்கு எங்கள் அட்டவணை வேண்டியதில்லை, பிரேயரில் அறிவித்தது போதும்.

இதை உனக்காகச் செய்வதாக நினைத்து எழுத ஆரம்பித்தேன். அது முழு உண்மை இல்லை. உன் படிவங்கள் வந்த அன்று மாலை முழுவதும் அவற்றில் தப்பு தேடினேன். பதின்மூன்று விநாடி உண்மையானால் அந்த இருநூறு பேரிடமும் என் வார்த்தையை நான் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். டேப் நினைவுக்கு வந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோசை ஒரு பக்கம் வேகும் நேரம் இருக்கும்.

இளா

கடலூர்
1.3.2025

இளா,

உன் ஒற்றை வரி வந்த நிமிடமே தெரிந்துவிட்டது. "ஸ்ரீதர்" என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியாது என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டுபிடித்தேன்.

நான் மட்டும் அளக்கும்போது தப்பு வந்ததே இல்லை. நீளம் தாண்டுதலுக்கு வளையத்தை நானே ஆணியில் மாட்டி, நானே போய்ப் படித்து, மனசுக்குள் கழித்துக்கொள்வேன். அன்று எதிர்ப் பக்கம் ஒரு ஆள் நின்றதும் அது மறந்துவிட்டது. கழிப்பது அந்தப் பக்கத்து ஆளின் வேலை என்று எங்கோ பதிந்திருக்கிறது. முப்பது என்று கத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைவு வருகிறது. அவர், "என்னா டீச்சர், அடுத்ததா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அளந்தேன். நூற்றுத் தொண்ணூற்று மூன்று. நீ இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாய், நான் நடந்து தெரிந்துகொண்டேன்.

எங்கள் பள்ளியை எடுக்காதே. ஒற்றைக்காலும் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டுவதும் இருக்கிறது. அதற்கெல்லாம் டேப் இல்லை. ஓட்டத்துக்காகப் பள்ளியையே எடுத்தால் எல்லாமே போகும், பிள்ளைகள் எதுவுமே செய்யாத மாதிரி ஆகிவிடும். நான் திரும்ப ஓடவிடுகிறேன். தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை சொல்கிறேன்.

மார்ச் எட்டு, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கோடு போடுகிறேன். இதை உன்னை வா என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நேரம் மட்டும் சொல்கிறேன்.

ருக்கு

சிதம்பரம்
9.3.2025

ருக்கு,

நேற்று மாலையே எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

இருநூறு மீட்டர் டேப் என் துறையில் இல்லை, ஆனால் முழு முப்பது இருக்கிறது, ஐம்பது இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கேட்டில் உன்னைப் பார்த்ததும் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. நீ பழைய டேப்பின் வளையத்தை என்னிடம் நீட்டினாய். ஏழு முறை கத்தினேன். காலையில் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஆறாவது இழுப்பிலிருந்து உன் பிள்ளைகளும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். அதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியுமா?

இரண்டு நிமிடம் ஐம்பத்தாறு. போன வருடத்துக்கு ஆறு விநாடி குறைவு. அட்டவணையில் இதையே ஏற்றுகிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். போன வருடத்துப் படிவங்களைப் பையில் வைத்திருந்தேன். என் மாணவிகள் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள், "நடுவில் நின்றாள்", "உட்கார்ந்துவிட்டான்", "அழுகை, பிறகு நடந்தாள்". பன்னிரண்டு பேர். நேற்று ஒருவர்கூட நிற்கவில்லை. கடைசியாக வந்த பையன் மூன்றே முக்கால் நிமிடம். மூன்றாவது சுற்றில் பின்னோக்கி ஓடினான், பக்கவாட்டில் ஓடினான், கையை விரித்துக்கொண்டு ஓடினான், ஆனால் நிற்கவில்லை. "என்னாடா பண்ற?" என்று நான் கேட்டேன். "கால் வலிச்சா வேற கால்ல ஓடறேன் மிஸ்" என்றான்.

இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. இருபது வருடமாக அந்தப் படிவத்தைத் திருத்துகிறவள் நான்தான்.

சாமிக்கண்ணு சார் என்ன சொன்னார்?

இளா

கடலூர்
17.3.2025

இளா,

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "நீங்களே வந்து சொன்னீங்க, அதுல எனக்கு மரியாதைதான். ஆனா பேசினது பத்து" என்றார். போன வருடம் பன்னிரண்டு பேர் நின்றதையும் இந்த வருடம் ஒருவர்கூட நிற்காததையும் சொன்னேன். "அது படிவத்துல இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஜூனிலிருந்து இரண்டு பீரியடும் கணக்குக்கு.

பிரேயரில் செய்த முதல் அறிவிப்பை சார் திரும்ப வாங்கவில்லை. அதை நானே மைக்கில் சொன்னேன். பிள்ளைகளிடம் டேப்பைக் காட்டி எங்கே ஒரு மீட்டர் இல்லை என்று விளக்கினேன். ஸ்ரீமதி கை தூக்கி, "அந்த ஒரு மீட்டர் எங்க டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

ருக்கு

சிதம்பரம்
24.3.2025

ருக்கு,

தெரியும். நான் உனக்கு அனுப்பிய பெட்டியில் இருக்கிறது. கையை நீட்டி எட்டுகிறார்களே, அந்தப் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் அளவுகோல் அதுதான். வேலையில் சேர்ந்த வருடம் ஒட்டினேன். வீணாக்க வேண்டாம் என்றுதான், வேறு எதுவும் இல்லை. போன வருடம்வரை மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் தொட்டிருக்கிறார்கள். ஸ்ரீமதியிடம் சொல்.

அடுத்த வருடப் படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். "நிற்காமல் முடித்தாரா?" குழுவில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். இது அளவா என்று கேட்டார்கள். முடிகிறதா இல்லையா என்று கேட்டுத்தான் இந்தத் தொழிலே ஆரம்பித்தது என்றேன்.

ஆகஸ்ட் கருத்தரங்கில் எனக்கு இருபது நிமிடம் இருக்கிறது. பேர் சொல்லியே பேசப் போகிறேன். வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு.

இளா

கடலூர்
28.6.2025

இளா,

பேர் சொல்லு. டேப்பையும் சொல்லு. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்துவிடுவேன்.

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. டைம்டேபிளில் செவ்வாயும் வியாழனும் கடைசிப் பீரியட் கணக்கு. முதல் செவ்வாய்க்கிழமை நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீதர் சார் கதவருகில் வந்து, "டீச்சர், கடைசிப் பீரியட்ல கணக்கு எவன் மண்டையிலயும் ஏறாது. பசங்க கிரவுண்டுக்குப் போயிட்டானுவ. நீங்க வரீங்களா, இல்ல நான் போயி பாம்பாட்டம் ஊரணுமா?" என்றார். தலைமையாசிரியர் கேட்டால் என்றேன். "வடிவியல்னு சொல்லிக்கறேன்" என்றார். செவ்வாய் எனக்கு. வியாழன் நிஜமாகவே கணக்கு, அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் பீரியட் அவர் பேரில் இருப்பதால் அவர் கிரவுண்டில் நின்றே ஆக வேண்டும். வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேப்பமர நிழலில் நிற்பார். பிள்ளைகள் விடவில்லை. போன வாரம் அவரையும் ஒற்றைக்காலில் நிறுத்தி, ஒரு நிமிடம் எண்ணி, கூடுதலாக இருந்த உன் படிவம் ஒன்றில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அட்டவணையில் நாற்பது வயதுக்கு மேல் இடம் இருக்கிறதா என்று பார்.

பதினான்கு முறை ஊன்றினார். இந்தச் செவ்வாய், பதினொன்று.

ருக்கு